உபதேசியார் கையில் இருந்த வலை நூல்

போன வாரம் ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். நான் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பயிற்சி நிலையத்தில் இப்போது அவள்தான் ஒருங்கிணைப்பாளர். நல்ல பெண், கெட்டிக்காரி. கையில் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருந்தாள். கவனக்குறைபாடு உள்ளவர்களுக்குத் துணை நின்று அவர்கள் அன்றாட வேலையை அவர்களே நடத்திக்கொள்ளப் பழக்குகிறவர்களை நாங்கள் அங்கே தயார் செய்தோம். அப்படித் தயாராகும் ஒவ்வொருவருக்கும் இனி இந்தப் பெட்டியைக் கொடுக்கப் போகிறார்களாம். உள்ளே ஒரு கையேடு, ஒரு கட்டு வார அட்டை, மணி அடிக்கிற சின்னக் கடிகாரம். எல்லாம் சரி. அடியில், ஒரு அட்டைத் துண்டில் சுற்றிய பச்சை நைலான் வலை நூல்.

"இது எதுக்கு மக்கா?" என்று கேட்டேன்.

"முடிச்சு முறை டீச்சர். பதினாலாம் பக்கத்துல இருக்கு. ஒங்க பேரும் போட்டிருக்கோம். நீங்க ஒரு முன்னுரை எழுதித் தரணும். புதுசா வாறவங்களுக்கு ஊக்கமா இருக்கட்டும்."

பதினாலாம் பக்கத்தைப் பார்த்தேன். எந்த விரலில் நூலைப் பிடிக்க வேண்டும், முடிச்சுக்கும் முடிச்சுக்கும் எவ்வளவு இடைவெளி, படம் வேறு. எனக்கு வந்த எரிச்சலைக் காட்டிக்கொள்ளாமல் அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். முன்னுரை எழுதலாம் என்று உட்கார்ந்தால் இதுதான் வருகிறது. யாருக்காவது ஊக்கமாக இருந்தால் சந்தோஷம்.

சுனாமி வந்தபோது நான் நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் சிறப்பாசிரியராக இருந்தேன். அலை போன பிறகு எங்கிருந்தெல்லாமோ மனநல ஆலோசகர்கள் வந்து இறங்கினார்கள். முகாமில் ஒரே பெண்ணிடம் ஒரு வாரத்தில் ஏழு பேர் "உங்க மனசுல என்ன இருக்கு?" என்று கேட்டதை நான் கண்ணால் பார்த்தேன். ஏழாவது ஆளிடம் அவள், "மண்ணெண்ணெய் இல்ல" என்றாள். ஒன்றிரண்டு வருடத்தில் வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். ஒரே ஒரு அறக்கட்டளை மட்டும் தங்கியது. அவர்கள் என்னைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பி நான்கு மாதம் படிக்க வைத்தார்கள். திரும்பி வந்ததும் சனிக்கிழமை வகுப்பு தொடங்கினோம். என் படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

படிக்க வந்தவர்களைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். கோச் என்று எங்கள் வேலையைச் சொன்னால் கடற்கரை ஊர்களில் "எந்த டீமுக்கு?" என்று கேட்பார்கள், அங்கே பையன்கள் எல்லோரும் கால்பந்து ஆடுகிறவர்கள். கடலைத் தள்ளி இருக்கும் ஊர்களில் சொன்னால் "டியூஷனா?" என்பார்கள். எங்களிடம் சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆசிரியர்கள். மிச்சம் நர்ஸ்கள், அவர்களுக்கும் அப்பாவோ அம்மாவோ மாமியாரோ ஆசிரியர். இந்த மாவட்டத்தில் கல்லெறிந்தால் ஒரு வாத்தியார் மேல்தான் விழும். அடுத்தவர் வாயைத் திறப்பதற்குள் பதில் சொல்லிப் பழகிய கூட்டம். நானும் அதில் ஒருத்திதான்.

நாங்கள் கற்றுக்கொடுத்த முறை லேசானது. அதனாலேயே யாருக்கும் வரவில்லை. தபால் அட்டை அளவில் ஒரு வார அட்டை. அதில் மூன்று வரி. இந்த வாரம் நான் செய்யப்போவது என்ன; அதை எங்கே, எப்போது செய்வேன்; தவறினால் எதனால் தவறியது. மூன்றையும் சம்பந்தப்பட்டவரே எழுத வேண்டும். பயிற்றுநரின் பேனா மூடியபடி பையில் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை அவர்தான் நம்மைக் கூப்பிட வேண்டும், நாம் கூப்பிடக் கூடாது. கேள்வி கேட்ட பிறகு இரண்டு நிமிடம் நாம் வாய் திறக்கக் கூடாது.

இந்தக் கடைசி விதிதான் என் உயிரை வாங்கியது. இருபது நொடி தாண்டாது. "நீங்க ஏன் காலையிலேயே எழுந்திரிச்சு…" என்று ஒருத்தி தொடங்குவாள். "எங்க மூத்த மச்சானும் இப்படித்தான்" என்று இன்னொருத்தி. ஒரு தலைமையாசிரியர், ஓய்வுபெறும் வயது, எதிரில் இருந்தவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் அட்டையைப் பிடுங்கித் தன் கையெழுத்தில் முத்து முத்தாக எழுதி முடித்துவிட்டார். ஏன் சார் என்று கேட்டால், "பாவம், அவருக்கு எழுத வரல்ல" என்கிறார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

எங்களுக்கு மேலே டாக்டர் சார். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், மனநல மருத்துவர், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு தடவையாவது உயர்த்தித் தொலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். சனிக்கிழமை மதியம் அந்த வாரத்து அட்டைகளையும் குறிப்புத் தாள்களையும் அவர் மேஜையில் வைப்பேன். ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பார். பிடித்தால் இடதுபக்கம் வைப்பார். பிடிக்காவிட்டால் ஒரே விரலால் என் பக்கம் தள்ளுவார்.

"இதில அந்த ஆளு எங்கே, டீச்சர்?"

அவ்வளவுதான். திட்ட மாட்டார், விளக்க மாட்டார். அடுத்து கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் முகம் தெரியும்படி வைப்பார். இனி நீ பேசு, நான் பேச மாட்டேன் என்று அதற்கு அர்த்தம். நொடிமுள் இரண்டு சுற்றுச் சுற்றும் வரை மனுஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். எனக்கு அந்தக் கடிகாரத்தை ஜன்னல் வழியாக எறிந்துவிடலாம் போல் இருக்கும்.

சுனாமி கழிந்து ஆறேழு வருடம் ஆகியிருக்கும். குளச்சலுக்குக் கிழக்கே ஒரு கடற்கரை ஊர், பேர் வேண்டாம். அந்த ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் பாதிரியாருக்குத் துணையாக, உபதேசியாராக இருந்தவர் அருளப்பன், முப்பத்தெட்டு வயது. மகளுக்குப் படிப்பில் கவனம் இல்லை என்று பள்ளியில் சொல்லி டாக்டரிடம் அழைத்து வந்தார். டாக்டர் மகளைப் பார்த்துவிட்டு அப்பாவை இன்னும் அரைமணி நேரம் உட்கார வைத்துப் பேசி, "இது உமக்கும் உண்டு, சின்ன வயசு முதல் உண்டு" என்றார். நானும் அந்த அறையில் இருந்தேன்.

"அப்போ எனக்குத் திமிரு இல்லியா டாக்டர்?" என்று கேட்டார் அருளப்பன். "எனக்க அப்பா சாவது வரைக்கும் திமிருன்னுதான் சொன்னாவ."

எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நான் அந்த மனுஷனுக்குச் செய்தது வேறு.

அவர் வேலையை நான் புரிந்துகொள்ளவே நாளாயிற்று. நான் வடசேரிக்காரி, இந்து, கோயில் என்றால் எனக்கு வேறு. அந்த ஊரில் இறந்தவர்களுக்கு ஆண்டு வந்தாலோ, நினைவு வந்தாலோ, வீட்டார் அந்தப் பேரை உபதேசியாரிடம் சொல்வார்கள். அவர் நோட்டில் எழுதி மறுநாள் காலைப் பூசைக்கு முன் மைக்கில் வாசிப்பார். தன் வீட்டுப் பேர் வாசிக்கிறதைக் கேட்கத்தான் அந்த வீட்டார் விடியுமுன் குளித்து வந்து நிற்பார்கள். ஆனால் யாரும் அலுவலகத்துக்கு வந்து சொல்வதில்லை. குழாயடியில் சொல்வார்கள், கரையில் மீன் ஏலம் நடக்கும்போது சொல்வார்கள், பஸ்ஸில் ஏறிக்கொண்டே சொல்வார்கள். இவர் "சரி" என்பார். வீட்டுக்குப் போய் நோட்டை எடுப்பதற்குள் மனதில் வேறு நாலு விஷயம் வந்துவிடும்.

அந்த வருடம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று வீட்டுப் பேர் விட்டுப்போயிற்று. ஊர்க்கமிட்டி கூப்பிட்டுச் சொல்லிவிட்டது. திருவிழா பத்து நாளும் ஒரு பேர் விடாமல் வாசிக்க வேண்டும். விட்டால் வேலை இல்லை. வேலை போனால் கோயிலுக்குப் பின்னால் கொடுத்திருக்கும் வீடும் போகும். அதில் அவரும் மனைவி பிரகாசியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அவருக்குப் பயிற்றுநராக ஷீலாவைப் போட்டேன். ஆரம்பப்பள்ளி ஆசிரியை, அந்த வருடத்து வகுப்பிலேயே முதல் ஆள். குறிப்பு எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். முதல் சந்திப்புக்கு நானும் கூடப் போனேன். அந்தச் சந்திப்பில் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். கண் எங்கே போகிறது, கை என்ன செய்கிறது, கால் என்ன செய்கிறது. அருளப்பன் கையில் ஒரு முழம் பச்சை வலை நூல். பேசும்போதெல்லாம் அதில் முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். ஷீலா அதை அப்படியே எழுதினாள். நான் அவள் தாளை வாங்கி, அதற்குக் கீழே என் பேனாவால், "கவனத்தைச் சிதைக்கிறது, நிறுத்தவும்" என்று எழுதிக் கோடும் போட்டேன்.

இது எதுக்கு உபதேசியாரே என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். எனக்கு வாய் இல்லையா? ஊருக்கெல்லாம் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

"அந்த நூல இங்க குடுங்க. கையச் சும்மா வச்சாத்தான் மனசு நிக்கும்" என்றேன்.

அவர் ஒரு கணம் நூலைப் பார்த்தார். பிறகு, "டீச்சர் சொன்னா சரி" என்று ஷீலா கையில் கொடுத்துவிட்டார். இந்த மாவட்டத்தில் டீச்சர் சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த அட்டைகளைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். வாரா வாரம் எல்லாப் பேரும் வாசித்தாயிற்று. எழுத்து அவருடையது. மூன்றாவது வரி, தவறினால் எதனால் என்பது, எட்டு வாரமும் வெறுமையாக இருந்தது. நான் அந்த எட்டையும் ரப்பர் வளையம் போட்டு, பெருமையாக டாக்டர் மேஜையில் வைத்தேன். படித்தார். கடைசி அட்டை வரை படித்தார். ஒரே விரலால் தள்ளினார்.

"இதில அந்த ஆளு எங்கே, டீச்சர்?"

"சார், நல்லா நடந்தாலும் குத்தமா? எட்டு வாரம் ஒண்ணும் தவறல்ல."

"எட்டு வாரமாட்டு ஒண்ணும் தவறல்லியா? எனக்குத் தவறுமே" என்றவர் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார்.

நான் பேசவில்லை. கோபத்தில் பேசவில்லை என்றும் சொல்லலாம், பயத்தில் என்றும் சொல்லலாம். ஏனென்றால் எனக்கு விஷயம் தெரியும். ஷீலா ஒரு மாதம் முன்பே அழுதுகொண்டே வந்து சொல்லியிருந்தாள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அவள்தான் அவரைக் கூப்பிடுகிறாள். குழாயடியில் யாரைப் பார்த்தீர்கள், கரையில் யார் பேசினார்கள், பஸ்ஸில் யார் என்று தெருத்தெருவாகக் கேட்டு, அவர் நினைவுபடுத்திச் சொல்லச் சொல்ல இவள் ஒரு தாளில் எழுதிக்கொள்கிறாள். காலை ஐந்து மணிக்குத் திரும்பக் கூப்பிட்டு வாசிக்க, அவர் நோட்டில் எழுதிக்கொள்கிறார். அட்டையில் எழுத வேண்டிய வாசகத்தையும் இவளே சொல்லிவிடுகிறாள்.

"என்ன செய்ய டீச்சர், அவியளுக்க வீடு போயிருமே" என்றாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நிறுத்து என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "திருவிழா முடியட்டும். டாக்டர்ட்ட சொல்லாண்டாம்." நொடிமுள் இரண்டு சுற்று முடிந்தது. டாக்டர் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு, "சரி" என்று எழுந்து போனார். அன்று நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

திருவிழா வந்தது. கொடியேறி ஆறு நாள் ஒரு குறையும் இல்லை. ஆறாம் நாள் மதியம் ஷீலாவின் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். போனில் சார்ஜ் இல்லை. யார் அவளைக் குறை சொல்ல முடியும்? சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் வரவில்லை. காலை ஐந்து மணிக்கும் வரவில்லை. அருளப்பன் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்தரை வரை உட்கார்ந்திருந்திருக்கிறார். மணி அடித்ததும் நோட்டில் இருந்ததை மட்டும் கொண்டு ஓடினார்.

மிக்கேலம்மாள் என்று ஒரு அம்மா. மகன் ததேயு முந்திய வருடம் கடலில் போனவன், உடல் கிடைக்கவில்லை. முதலாண்டு நினைவு அன்றைக்கு. முந்தின நாள் மாலை குழாயடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு உபதேசியாரிடம் சொல்லியிருந்தாள். அந்தப் பேர் வாசிக்கப்படவில்லை. பூசை முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகும் அவள் கோயில் படியில் நின்றுகொண்டிருந்தாளாம். அருளப்பன் வந்ததும் சத்தம் போடவில்லை.

"எனக்க பிள்ளைக்க பேரு எங்க மக்கா?" என்று மட்டும் கேட்டாளாம்.

இதை அவரே என்னிடம் சொன்னார். சொல்லும்போது கைகள் இரண்டும் காற்றில் எதையோ முடிந்துகொண்டிருந்தன. அப்போதும் நான் கேட்கவில்லை.

திருவிழா முடிந்த ஞாயிறு கமிட்டி கூடியது. நான் நான்கு பக்கத்துக்கு விளக்கம் எழுதி எடுத்துக்கொண்டேன். கவனக்குறைபாடு என்றால் என்ன, மூளையில் என்ன நடக்கிறது, எல்லாம். பஸ்ஸில் டாக்டர் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அந்த நான்கு பக்கத்தையும் வாங்கிப் படித்தார். மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நீங்க பறயாண்டாம், டீச்சர். அவரு பறயட்டும்." நான் சொல்ல வேண்டாமாம், அவர் சொல்லட்டுமாம்.

கோயிலை ஒட்டிய அறை. கமிட்டித் தலைவர் சேசடிமை, சொந்தமாக விசைப்படகு வைத்திருப்பவர், குரல் படகு மோட்டாரைத் தாண்டிக் கேட்கும். கூட ஆறு பேர். பங்குத்தந்தை ஓரத்தில். எதிரே நாற்காலியில் அருளப்பன், கதவுக்கு வெளியே பிரகாசி. சேசடிமை, "வீட்டுச் சாவிய…" என்று தொடங்கும்போது டாக்டர் மெல்ல, "ஒரு சோத்தியம் கேட்டோட்டே?" என்றார். ஒரு கேள்வி கேட்கட்டுமா என்று அர்த்தம். அவர்கள் தலையாட்டினார்கள். டாக்டர் அருளப்பனைப் பார்த்தார்.

"உபதேசியாரே, இதுக்கு முன்ன இத்தனை வருஷம் பேரெல்லாம் எப்படி ஓர்மையில வச்சீரு?"

கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

அந்த ஆறேழு பேரும் இரண்டு நிமிடம் சும்மா இருந்ததைப் பார்க்க வேண்டும். கடலில் வலை போட்டுவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்கிறவர்கள், அங்கே முடியாமல் நெளிந்தார்கள். எனக்கு நாக்கு நுனியில் நான்கு பக்கமும் நின்றது. ஒன்றரை நிமிடம் போனபின் அருளப்பன் வாயைத் திறந்தார்.

"எனக்க கையில ஒரு நூலு இருந்துது. ஆராவது பேரு சொன்னா அந்த எடத்திலேயே ஒரு முடிச்சு இடுவேன். நோட்டுல எழுதினா முடிச்ச அவுப்பேன். ராத்திரி சோறு திங்க முன்ன நூலத் தடவிப் பாப்பேன். முடிச்சு நின்னா, ஆரோ ஒருத்தரு நோட்டுல ஏறல்லன்னு தெரியும். ஒக்காந்து யோசிச்சா எந்த எடத்துல முடிச்சு இட்டேன்னு வந்துரும். எடம் வந்தா பேரு வந்துரும்."

"அப்போ மூணு ஞாயித்துக்கெழம விட்டுதே?" என்றார் சேசடிமை.

"ஞாயித்துக்கெழம பூசைக்கு முன்ன வாசல்ல வச்சு சொல்லுவாவ. அப்போ வெள்ள அங்கி போட்டிருப்பேன். அதுல பை கெடையாது. நூலு வீட்டுல சட்டப் பையில கெடக்கும்."

யாரோ ஒருவர் சிரித்தார். சேசடிமைக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏலே, அப்படின்னா திருவிழாவுக்கு நூல எதுக்கு விட்டா?"

அருளப்பன் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "டீச்சர் வேண்டாம்னு சொன்னாவ" என்றார்.

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. டாக்டர் முகம் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்த மனுஷன் மேல் அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. திட்டினால்கூட ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருக்கலாம். "ஆமா. நான்தான் சொன்னேன். எதுக்குன்னு கேக்காம சொல்லிட்டேன். போன் பண்ணி அவருக்குப் பதிலா ஞாபகம் வச்சதும் எங்க ஆளுதான், அது எனக்குத் தெரியும்" என்றேன். வெட்கமாக இருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு அறை நிறைய ஆட்கள் முன்னால் அப்படி நின்றது எனக்கு அதுதான் முதல் தடவை.

அவர்கள் தங்களுக்குள் பேசினார்கள். கல்லறைத் திருநாள் வரை பார்ப்பது என்று முடிவாயிற்று. நவம்பர் இரண்டாம் தேதி. ஊரில் இறந்த எல்லோருடைய பேரையும் கல்லறைத் தோட்டத்தில் வைத்து வாசிக்கும் நாள். அன்று ஒரு பேர் விட்டால் அன்றைக்கே சாவி.

ஷீலா போன் பண்ணக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். நூலைத் திருப்பிக் கொடுத்தாள். பத்திரமாக ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதி வைத்திருந்தாள். பிரகாசி வெள்ளை அங்கியின் உள்பக்கம் ஒரு பை வைத்துத் தைத்தாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அடுத்த வாரம் வந்த அட்டையில் எழுத்து கோணல் மாணலாக இருந்தது. முதல் வரி: பேர் சொன்ன உடனே முடிச்சு, அவிய முன்னாலயே. இரண்டாவது வரி: சோத்துக்கு முன்ன நோட்டு. மூன்றாவது வரி முதன்முறையாக நிறைந்திருந்தது: செவ்வாக்கிழமை ஒரு பேர் விட்டேன், பிள்ளையத் தூக்கி இருந்தேன், ரெண்டு கையும் ஒழியல்ல.

டாக்டர் அதை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு தடவை படித்தார். இடதுபக்கம் வைத்தார்.

"ஆளு வந்தாச்சு" என்றார்.

கல்லறைத் திருநாள் காலையில் நானும் ஷீலாவும் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனோம். கல்லறைகளுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றியிருந்தார்கள். கடல்காற்றில் திரிகள் அணைய அணையப் பிள்ளைகள் ஓடி ஓடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அருளப்பன் அங்கியோடு வேகமாக வந்துகொண்டிருந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலில் மிக்கேலம்மாள் அவரை மறித்தாள். நாங்கள் பக்கத்தில்தான் நின்றோம்.

"உபதேசியாரே, எனக்க பிள்ளைக்க பேரு நோட்டுல உண்டா?"

"உண்டு அம்மா. நேத்தே எழுதியாச்சு."

"அவனுக்கூட அந்த வள்ளத்துல போனானே ஒருத்தன், தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். முத்து. வேலைக்கு வந்த பையன். வேதக்காரன் இல்ல, இந்து. அவனுக்கு இங்க பேரு சொல்ல ஆரு இருக்கா? அவனுக்க பேரையும் வாசியும் மக்கா."

"சரி" என்றார் அருளப்பன். நோட்டைத் திறக்க நேரமில்லை, உள்ளே மணி அடித்துவிட்டது. பைக்குள் கையை விட்டு நூலை எடுத்து, அந்த அம்மா கண் முன்னால் ஒரு முடிச்சுப் போட்டு, திரும்பப் பையில் வைத்துக்கொண்டு ஓடினார்.

வாசிக்கத் தொடங்கினார். பக்கம் பக்கமாகப் பேர்கள். வீட்டார் பேர், தெருவார் பேர், சுனாமியில் போனவர்கள் பேர். அந்தப் பக்கம் வந்தபோது ஊரே அழுதது. ததேயு பேரை வாசித்தார். மிக்கேலம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். கடைசிப் பக்கமும் முடிந்தது. நோட்டை மூடினார். பங்குத்தந்தை பூசையைத் தொடங்க முன்னால் வந்தார்.

அருளப்பன் மைக்கை விட்டு நகரவில்லை. வலது கை அங்கிப் பைக்குள் இருந்தது.

அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. பேர் போய்விட்டது என்று தெரிந்தது. சேசடிமை தொண்டையைச் செருமினார். பிரகாசி சின்ன மகளைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஷீலா என் முழங்கையைக் கிள்ளினாள். "டீச்சர், முத்து, முத்து" என்று என் காதில் முணுமுணுத்தாள். நான் நின்ற இடத்திலிருந்து மைக்குக்கு நாலு எட்டு. வாயை அசைத்துக் காட்டினால் போதும், அவர் பிடித்துக்கொள்வார். ஒரு குடும்பத்தின் வீடு என் உதட்டில் இருந்தது.

நான் கைக்கடிகாரத்தைக் கழற்றினேன். பக்கத்தில் இருந்த கல்லறை மேல் பூவுக்கு நடுவில் வைத்தேன். ஷீலாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நொடிமுள் ஒரு சுற்று முடித்தது. இத்தனை வருடம் அடுத்தவர்களைச் செய்யச் சொல்லித் திட்டியதை நான் ஒருநாள்கூட முழுதாகச் செய்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அது அவ்வளவு கஷ்டம்.

அருளப்பன் தலையைத் தூக்கி வாசல் பக்கம் பார்த்தார். அந்த அம்மா மறித்த இடத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"தூத்துக்குடி முத்து" என்றார் மைக்கில். பிறகு, "நம்ம ததேயுவுக்கக் கூட வள்ளத்துல போன முத்து" என்று சேர்த்துக்கொண்டார்.

மிக்கேலம்மாள் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். அருளப்பன் நூலை வெளியே எடுத்து எல்லோருக்கும் முன்னால் அந்த முடிச்சை அவிழ்த்தார். சேசடிமை சாவியைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

பூசை முடிந்து நான் கல்லறைமேல் கடிகாரத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது அருளப்பன் வந்தார். அங்கி வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன டீச்சர், இன்னைக்கு வாயே தொறக்கல்ல. ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

ஒன்றுமில்லை என்றேன்.